இணைய இணைப்பில் கோளாறு எங்கே?

(இணைப்புக் கம்பெனியின் பிராக்ஸி சர்வரால் விளையும் தொல்லைகளும், வீட்டிலேயே அவற்றைக் கண்டறியும் முறையும்)

— கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர், பி.ஏ.

நூல் வாங்குவது முதல் சேலை விற்பது வரையிலும், விதை தேடுவது முதல் சந்தை நிலவரம் அறிவது வரையிலும், நம் அங்கத்தினர்களின் காரியங்களில் பல இப்பொழுது இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. குழித்தறியின் பக்கத்துச் சுவரில் ரூட்டரின் பச்சை விளக்கு எரிகின்ற வீடுகளை நான் செல்லும் கிராமங்களிலெல்லாம் காண்கிறேன். இணைப்பு ஒழுங்காக இருக்கும் வரையில் அதைப்பற்றி ஒருவரும் சிந்திப்பதில்லை. அது கோளாறு செய்யும்பொழுதோ, கோளாறு எந்த இடத்தில் உள்ளது என்பதை அறியாமல், பணத்தையும் நேரத்தையும் வீணாக்கிவிடுகிறோம்.

கம்பி அறுந்துபோனால் எல்லோருக்கும் தெரியும். ரூட்டரில் சிவப்பு விளக்கு எரியும். கம்பெனியின் ஆள் வந்து ஒட்டிக் கொடுப்பார். அத்தகைய கோளாறுகளைப்பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. விளக்குகள் யாவும் சரியாக எரிகின்றன. வேறு பக்கங்கள் திறக்கின்றன. ஆயினும் ஒரு பக்கம் மட்டும் பழையதாகவே வருகிறது, அல்லது “உங்களுக்கு அனுமதி இல்லை” என்று மறுக்கிறது, அல்லது வெகு நேரம் சுழன்று நின்றுவிடுகிறது. இவ்வகைக் கோளாறுகளில் ஒரு பகுதி, நம் வீட்டிலும் இல்லாமல், நாம் பார்க்க விரும்பும் தளத்திலும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே உள்ளது. அந்த நடு இடத்தைப்பற்றியதே இக்கட்டுரை.

மஞ்சள் விற்ற கதை

பொங்கல் விடுமுறை முடிந்து சில நாட்களுக்குப் பின், விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு இன்ஸ்பெக்ஷனுக்காகச் சென்றிருந்தேன். காலை பத்து மணிக்கு, வயதான அங்கத்தினர் ஒருவர் வந்து அறிவிப்புப் பலகையின் முன் நின்று, அதிலிருந்த மஞ்சள் விலையை இரண்டு முறை படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். காரியதரிசி விசாரித்தபொழுது விஷயம் வெளிவந்தது. அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவர் தம் வீட்டில் சந்தை விலைப் பக்கத்தைப் பார்த்து, அந்த விலைக்கே பத்துக் குவிண்டால் மஞ்சளைக் களத்துக்கு வந்த வியாபாரியிடம் கொடுத்திருந்தார். பலகையில் இருந்த விலையோ குவிண்டாலுக்கு நானூறு ரூபாய் அதிகம்.

“ஐயா, நெட்டில் பார்த்துத்தானே விற்றேன்? நெட்டே பொய் சொன்னால் நான் யாரிடம் போய்க் கேட்பது?” என்றார் பெரியவர்.

நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தோம். அவருடைய செல்போனில் அப்பொழுதும் விடுமுறைக்கு முந்தின விலையே தெரிந்தது. அந்தப் பக்கத்தை அதுவரையில் ஒரு நாளும் திறந்திராத காரியதரிசியின் செல்போனை அதே வைஃபையில் இணைத்துத் திறந்தோம். அதிலும் பழைய விலையே வந்தது. ஆகவே குற்றம் பெரியவரின் செல்போனில் இல்லை. பின்னர் நான் என் செல்போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, வேறு கம்பெனியின் இணைப்பில் அதே பக்கத்தைத் திறந்தேன். முந்தின நாள் மாலை ஏற்றப்பட்ட புதிய விலை உடனே வந்தது. ஆகவே குற்றம் சந்தைக்காரருடைய தளத்திலும் இல்லை.

ஒரே பக்கம், ஒரே நேரம், இரண்டு பாதைகள், இரண்டு விலைகள்! நடுவே யாரோ ஒருவர் நின்று பழைய தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது இதனால் விளங்கிற்று. அந்த நடு ஆள்தான் பிராக்ஸி சர்வர்.

பிராக்ஸி என்பது யாது?

“பிராக்ஸி” என்னும் சொல் கூட்டுறவு அன்பர்களுக்குப் புதிதன்று. ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் நின்று காரியம் செய்வதை அச்சொல் குறிக்கும். நம் சங்கங்களின் பேரவையில் அங்கத்தினர் தாமே நேரில் வந்து வாக்களிக்க வேண்டும். பதிலாளை அனுப்ப இடமில்லை. இணையத்திலோ பதிலாள் முறை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்பொழுது, நம் கோரிக்கையைக் கம்பெனியின் பிராக்ஸி சர்வர் வாங்கிக்கொண்டு, நமக்காகத் தான் சென்று அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, நம்மிடம் கொடுக்கிறது.

கம்பெனிகள் இதனை ஏற்படுத்தியதற்குத் தக்க காரணம் இருந்தது. நம் சங்கத்து நூல் டிப்போவை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நெசவாளரும் ஒரு கட்டு நூலுக்காக மில்லுக்குச் சென்று வர இயலாது. ஆகையால் டிப்போவில் சரக்கு இருப்பு வைத்து, கேட்பவருக்கு உடனே கொடுக்கிறோம். அதுபோலவே, ஒரு பக்கத்தை ஒருவர் கேட்டவுடன் பிராக்ஸி அதன் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அடுத்த பத்துப் பேர் அதே பக்கத்தைக் கேட்டால், தூரத்திலுள்ள தளத்துக்கு மீண்டும் செல்லாமல், தன்னிடமுள்ள பிரதியையே கொடுக்கிறது. கம்பி வேகம் குறைவாகவும் வெளிநாட்டு இணைப்பு விலை மிகுந்தும் இருந்த காலத்தில் இதனால் கம்பெனிக்கும் சந்தாதாரருக்கும் நன்மையே விளைந்தது. ஆகவே நடு ஆள் என்ற காரணத்தாலேயே பிராக்ஸியைத் தீயது என்று கொள்ள வேண்டாம். அது தன் இருப்பைச் சரியாகக் கவனிக்கிறதா என்பதே கேள்வி.

இவற்றில் இரு வகை உண்டு. ஒன்று, நம் கம்ப்யூட்டரிலேயே அதன் விலாசத்தை எழுதி வைத்து, அதன் வழியாகச் செல்லும்படி நாமே அமைத்துக்கொள்வது. மற்றொன்று, நமக்குத் தெரியாமலே கம்பெனியின் பாதையில் அமர்ந்து, போகின்ற கோரிக்கைகளைத் தானே பிடித்துக்கொள்வது. இரண்டாம் வகையே அதிகத் தொல்லை தருவது. ஏனெனில் நம் வீட்டு அமைப்புகளில் எங்கு தேடினாலும் அதன் பெயரைக் காண இயலாது.

பழைய சரக்கு வருவது ஏன்?

ஒவ்வொரு தளமும் தன் பக்கத்தை அனுப்பும்பொழுது, “இதனை இவ்வளவு நேரம் வரையில் வைத்துக் கொடுக்கலாம்” என்றோ, “வைத்துக்கொள்ளவே கூடாது” என்றோ ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பலாம். அந்தக் குறிப்பு இருந்தால் பிராக்ஸி அதன்படி நடக்க வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் பிராக்ஸி தானே ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரையில் பிரதியைப் புதியதாகக் கருதுவது வழக்கமான கணக்கு. 1999-ஆம் ஆண்டில் வெளியான இணைய விதித் தொகுப்பிலேயே இந்தப் பத்தில் ஒரு பங்கு குறிப்பிடப்பட்டிருக்கிறது.

பெரியவரின் மஞ்சளுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். விடுமுறையின் காரணமாக விலைப் பக்கம் பத்து நாட்கள் திருத்தப்படாமல் இருந்தது. சந்தை திறந்த அன்று நண்பகலில், புதிய விலை ஏறுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன், யாரோ ஒருவர் அப்பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். பிராக்ஸி பிரதி எடுத்தது. பத்து நாளில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாள். ஆகவே மறுநாள் நண்பகல் வரையில் அந்தப் பழைய பிரதியையே “புதியது” என்று அது எல்லோருக்கும் கொடுத்து வந்தது. பெரியவர் பார்த்தது அந்த இடைவெளியில். நாங்கள் பரிசோதித்துவிட்டு, சாப்பிட்டு வந்து பிற்பகலில் மீண்டும் பார்த்தபொழுது, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே புதிய விலை வந்துவிட்டது. “இப்பொழுது சரியாக வருகிறதே, நீங்கள்தான் தவறாகப் பார்த்திருப்பீர்கள்” என்று வீட்டார் பெரியவரைக் கேலி செய்வதற்கு இது போதுமானதாயிற்று. அவர் பார்த்தது சரியே.

இதில் கம்பெனியின் மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. நாள்தோறும் மாறும் விலைப் பக்கத்துக்கு “வைத்துக்கொள்ள வேண்டாம்” என்ற குறிப்பைச் சேர்க்காததும் ஒரு பிழையே. தங்கள் விலைப் பட்டியலை இணையத்தில் வெளியிடும் சங்கங்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டுக் குறியின் பயன்

ஒரு பக்கத்தின் விலாசம் “எச்.டி.டி.பி.” என்று தொடங்கினால் அது திறந்த தபால் அட்டை போன்றது. வழியில் உள்ள யாரும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம். “எச்.டி.டி.பி.எஸ்.” என்று கடைசியில் ஓர் “எஸ்.” சேர்ந்திருந்தால் அது உறையிட்டு ஒட்டிய கடிதம். அதற்குரிய சாவி நம்மிடமும் அந்தத் தளத்தினிடமுமே உண்டு. கம்பெனியின் பிராக்ஸி உறையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமேயன்றி, உள்ளே இருப்பதைப் படிக்கவோ பிரதி வைத்துக் கொடுக்கவோ இயலாது.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், குரோம் பிரவுசர் உறையில்லாத பக்கங்களை எல்லாம் “பாதுகாப்பற்றது” என்று குறித்துக் காட்டத் தொடங்கிற்று. இன்று பெரும்பாலான தளங்கள் உறையிட்ட முறைக்கு மாறிவிட்டன. ஆகையால் பழைய பிரதி வரும் தொல்லை முன்னைவிட மிகவும் குறைந்துள்ளது. ஆயினும் திறந்த முறையிலேயே நடைபெறும் தளங்கள் இன்னும் உள்ளன. பெரியவர் பார்த்த விலைப் பக்கமும் அவற்றில் ஒன்று. ஆதலால் எந்தப் பக்கத்தில் கோளாறு கண்டாலும், முதலில் அதன் விலாசத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். “எஸ்.” இல்லையென்றால், அதனைச் சேர்த்து மீண்டும் திறந்து பாருங்கள். தளம் இரு முறைகளிலும் இயங்குவதாக இருந்தால் தொல்லை அந்த நிமிஷமே தீர்ந்துவிடும்.

ஒரே விலாசத்தில் ஆயிரம் பேர்

இனி மறுக்கப்படும் பக்கங்களின் விஷயத்துக்கு வருவோம்.

நெசவாளர் சங்கக் காரியதரிசி ஒருவர், படுக்கை விரிப்புகளுக்கான விலைப்புள்ளியை ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஆபீஸில் மின்சாரம் நின்றுவிட்டதால் தம் வீட்டிலிருந்து முயன்றார். “உங்கள் விலாசத்திலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வந்துள்ளன” என்று தளம் மறுத்தது. அவர் மனம் பதறி மீண்டும் மீண்டும் முயன்றார். இருபது தடவைக்கு மேல் ஆயிற்று. அறுபது தறிகளுக்குச் சில மாத வேலை அந்த ஒரு தாளில் இருந்தது. மூன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டு இணைப்பை விட்டுவிட்டு, செல்போனின் இணைப்பைக் கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்துகொண்டு முயலுங்கள் என்றேன். நாலே முக்காலுக்கு விலைப்புள்ளி ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண்ணால் ஆன விலாசம் ஒன்று உண்டு. பழைய முறை விலாசங்கள் மொத்தம் சுமார் 429 கோடியே. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பங்கிடப்பட்டு முடிந்தன. ஆகவே பல கம்பெனிகள் ஒரு பொது விலாசத்தைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. இதற்கென 2012-ஆம் ஆண்டில், 100.64 என்று தொடங்கி 100.127 வரையிலுள்ள எண்கள் தனியே ஒதுக்கப்பட்டன. இவ்வேற்பாடு பிராக்ஸி அன்று; பக்கங்களைப் பிரதி எடுப்பதில்லை. ஆனால் வெளியிலுள்ள தளத்துக்கு எல்லா வீடுகளும் ஒரே விலாசமாகத் தெரிவதில் இரண்டும் ஒன்றே. ஒரு தெருவின் கடிதங்கள் எல்லாம் ஒரே தபால் பெட்டி எண்ணுடன் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒருவர் விஷமக் கடிதம் எழுதினால், பெறுபவர் அந்தப் பெட்டியிலிருந்து வரும் யாவற்றையும் மறுத்துவிடுவார். காரியதரிசியின் தெருவிலோ ஊரிலோ வேறு யாரோ செய்த காரியத்துக்காக அவர் மறுக்கப்பட்டிருக்கலாம். அவர் விடாமல் முயன்றது மறுப்பை இன்னும் நீட்டியிருக்கும்.

இது நம் ஊர்களில் மட்டும் நேர்வதன்று. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கத்தார் நாட்டுக்கே இவ்விதம் நேர்ந்தது. அந்நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் ஒரே விலாசத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. அவ்விலாசத்திலிருந்து யாரோ விஷமத் திருத்தங்கள் செய்ததன்பேரில், விக்கிப்பீடியா அதனைத் தடுத்தது. அதனால் அந்நாட்டார் பலரும் சில மணி நேரம் திருத்தம் செய்ய இயலாமற் போயிற்று.

பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். இணையத்தில் தகாத படங்களைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஸ்தாபனம் ஒன்று, 1976-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றின் உறைப்படத்தைக் காரணம் காட்டி, விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஒரு பக்கத்தைத் தடுக்கும் பொருட்டு, பெரிய இணைப்புக் கம்பெனிகள் சில, விக்கிப்பீடியாவுக்குச் செல்லும் கோரிக்கைகள் அனைத்தையும் தங்கள் பிராக்ஸிகளின் வழியே திருப்பின. உடனே திரளான சந்தாதாரர்கள் ஒரு சில விலாசங்களிலிருந்தே வருபவர்களாகத் தோன்றினார்கள். விஷமம் செய்பவரையும் நல்லவரையும் பிரித்தறிய வழியில்லாமற் போகவே, அவ்விலாசங்களிலிருந்து பெயர் பதியாமல் திருத்துவது நிறுத்தப்பட்டது. டிசம்பர் 9-ந் தேதி அப்பக்கம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின்னரே நிலைமை சீராயிற்று. அந்நாட்களில் எத்தனை வீடுகளில் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்களோ! அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனைகள்

நானும் ஒரு சமயம் இவ்வாறு ஏமாந்தவனே. ஒரு பக்கம் திறக்கவில்லை என்பதற்காகப் பழைய ரூட்டரைக் குறை கூறி, 1,900 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். புதிய ரூட்டரிலும் அந்தப் பக்கம் திறக்கவில்லை. அதன் பிறகே, வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய பரிசோதனைகளைச் செய்தேன். அவற்றை வரிசையாகக் கீழே தருகிறேன். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது தெரியாமற் போகும்.

1. எல்லாப் பக்கங்களும் கெட்டிருக்கின்றனவா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். பிறகு, வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் கெட்டிருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் குற்றம் அந்தக் கருவியிலேயே இருக்கக்கூடும்.

2. அந்தக் கருவியில் பிராக்ஸி அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க்’ என்பதன் கீழ் ‘பிராக்ஸி’ என்று ஒரு தலைப்பு உண்டு. ஆண்ட்ராய்டு செல்போனில், இணைந்துள்ள வைஃபையின் விவரங்களில் அது இருக்கும். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கம்ப்யூட்டரில், விடுதியின் பிராக்ஸி விலாசம் அப்படியே தங்கிவிடுவது அடிக்கடி நேர்வது. “பிராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை” என்ற அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். அதனை நிறுத்திவிட்டால் போதும். கம்பெனியைக் கூப்பிட வேண்டியதில்லை.

3. கம்ப்யூட்டரில் ‘கண்ட்ரோல்’ பொத்தானையும் ‘எஃப்5’ பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். இது வைத்திருக்கும் பிரதியை விட்டுவிட்டுப் புதியதைக் கொண்டுவரும்படி கேட்பதாகும். அதற்கும் மசியாவிட்டால், விலாசத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் 1 என்ற எண்ணும் சேர்த்துத் திறந்து பாருங்கள். பிராக்ஸிக்கு அது வேறு பக்கமாகத் தோன்றும். அதற்குரிய பிரதி அதனிடம் இராது. இதனால் புதிய பக்கம் வந்துவிட்டால், பழையது ஏதோ ஓரிடத்தில் வைத்திருந்த பிரதியே என்பது நிச்சயம். பெரியவரின் வீட்டில் இவ்வாறு செய்ததும் புதிய விலை வந்தது.

4. செல்போனில் வைஃபையை நிறுத்திவிட்டு அதே பக்கத்தைத் திறவுங்கள். செல்போன் இணைப்பு, வீட்டு இணைப்புக் கம்பெனியினுடையதாக இல்லாமல் வேறு கம்பெனியினுடையதாக இருத்தல் அவசியம். இரண்டிலும் திறக்கவில்லையென்றால் தளத்திலேயே குற்றம் இருக்கலாம், காத்திருங்கள். செல்போனில் திறந்து வீட்டில் திறக்கவில்லையென்றால், குற்றம் உங்கள் ரூட்டருக்கும் தளத்துக்கும் நடுவில் என்று கொள்ளலாம். எல்லாப் பரிசோதனைகளிலும் முக்கியமானது இதுவே.

5. உங்கள் வெளி விலாச எண்ணைக் காட்டும் பக்கங்கள் இணையத்தில் பல உண்டு. அத்தகைய பக்கம் ஒன்றை “எஸ்.” இல்லாத முறையிலும் உள்ள முறையிலும் திறந்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் வேறுபட்டால், திறந்த கோரிக்கைகளை மட்டும் பிடிக்கும் பிராக்ஸி ஒன்று பாதையில் இருப்பதற்கு அது நல்ல அடையாளம்.

6. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற இணைப்பின் எண்ணைப் பாருங்கள். அப்பக்கத்தின் விலாசம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரூட்டரின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். வெளிப்புற எண் 100.64 முதல் 100.127 வரையில் இருந்தால், அல்லது 10 என்று தொடங்கினால், உங்களுடையது பலருடன் பங்கிட்ட விலாசம். வயலிலோ தறிக்கூடத்திலோ உள்ள காமிராவை வெளியூரிலிருந்து நேரே திறக்க இயலாமற் போவதற்கும் இது ஒரு காரணம்.

7. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் பெயர்ப் பதிவேட்டு சர்வரிலும் கோளாறு இருக்கலாம். ரூட்டரில் அல்லது கம்ப்யூட்டரில் கம்பெனியின் பதிவேட்டுக்குப் பதிலாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொதுப் பதிவேட்டை அமைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் பிராக்ஸியின் மேல் பழி இல்லை. பழைய எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.

8. சில சிறிய கம்பெனிகளில் தினந்தோறும் பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து உள்ளே செல்ல வேண்டும். உறையிட்ட பக்கத்தை முதலில் கேட்டால், அந்த நுழைவுப் பக்கம் தோன்றாமல் எச்சரிக்கை மட்டும் தோன்றலாம். திறந்த முறையிலுள்ள ஒரு பக்கத்தைக் கேட்டால் நுழைவுப் பக்கம் வந்துவிடும். இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல்.காம் என்ற தளம் உறையில்லாமல் நடத்தப்படுகிறது.

திரையில் தோன்றும் எண்களும் ஓரளவு துணை செய்யும். 407 என்பது, பிராக்ஸி உங்கள் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்கிறது என்பதாகும். 429 என்பது அளவுக்கு மீறிய கோரிக்கைகள். 403 என்பது அனுமதி மறுப்பு. 502, 504 என்பவை, நடுவிலுள்ள சர்வருக்கு அப்பாலிருந்து தக்க பதில் வரவில்லை என்று பொருள்படும். ஆனால் பெரிய தளங்கள் தங்கள் வாயிலிலேயே இத்தகைய நடு சர்வரை வைத்துக்கொள்வதுண்டு. ஆதலால் எண்ணை மட்டும் கொண்டு கம்பெனியின் மேல் குற்றம் சாட்டலாகாது. நான்காவது பரிசோதனையுடன் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செய்யத் தகாதவை

மறுக்கப்பட்ட பக்கத்தைத் திறந்து தருவதாகச் சொல்லும் இலவசப் பிராக்ஸித் தளங்கள் பல உள்ளன. ஒரு நடு ஆளிடமிருந்து தப்புவதற்காக, ஊர் பேர் தெரியாத மற்றொரு நடு ஆளிடம் போய்ச் சேருவதே இது. பாங்கிக் கணக்கையும் சங்கக் கணக்கையும் அவற்றின் வழியாக ஒரு நாளும் திறக்க வேண்டாம்.

“இந்தச் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டரில் பதித்துக்கொண்டால் சரியாகிவிடும்” என்று யார் சொன்னாலும் உடன்பட வேண்டாம். அது உறையிட்ட கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சாவியை அவரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால், முதலில் உங்கள் கருவியில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அவை தவறியிருந்தாலும் அந்த எச்சரிக்கை வரும். அவை சரியாக இருந்தும் பாங்கிப் பக்கத்தில் எச்சரிக்கை வந்தால், மேலே செல்லாமல் நிறுத்திவிடுங்கள்.

கடைசி நாள் வரையில் காத்திருந்து விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்க வேண்டாம். மறுக்கும் தளத்தில் இருபது முறை முயலவும் வேண்டாம். ஒரு முறை மறுத்தால் பாதையை மாற்றுங்கள்.

புகார் எழுதும் முறை

குற்றம் நடுவில் என்று தெரிந்த பின், அதைத் திருத்தக்கூடியவர் கம்பெனிக்காரர் ஒருவரே. “நெட் சரியில்லை” என்று சொன்னால், “ரூட்டரை அணைத்துப் போடுங்கள்” என்ற பதிலே வரும். பரிசோதனையின் முடிவுகளை எழுதிக் கொடுத்தால் அவ்வாறு சொல்ல இயலாது. மாதிரி ஒன்று தருகிறேன்:

“இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன விலாசமுள்ள பக்கம் எங்கள் வீட்டு இணைப்பில் பழைய பிரதியாகவே வருகிறது. வீட்டிலுள்ள மூன்று கருவிகளிலும் அவ்வாறே வருகிறது. அதே நேரத்தில் வேறு கம்பெனியின் செல்போன் இணைப்பில் புதிய பக்கம் வருகிறது. விலாசத்தின் கடைசியில் கேள்விக்குறி சேர்த்தால் எங்கள் இணைப்பிலும் புதியது வருகிறது. திரையின் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே தங்கள் பாதையிலுள்ள பிராக்ஸி சர்வரின் பழைய பிரதியை நீக்கவும், எங்கள் இணைப்பை அதன் வழியே செலுத்தாமல் இருக்கவும் கோருகிறோம்.”

பங்கிட்ட விலாசத்தால் தொல்லை என்றால், தனி விலாசம் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. புதிய முறை விலாசமான ‘ஐ.பி.வி.6’ தங்கள் இணைப்பில் உண்டா என்றும் கேளுங்கள். அம்முறையில் விலாசங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வீடுதோறும் தனி விலாசம் கொடுக்க இயலும். ஆனால் நாம் பார்க்கும் தளமும் அம்முறையை ஏற்றிருந்தால்தான் பயன் உண்டு.

புகார் கொடுத்தவுடன் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, புகார் மையத்தின் முடிவில் திருப்தியில்லாதவர் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அதற்குப் புகார் எண் இன்றியமையாதது. இணைப்பு உள்ளூர்க் கேபிள்காரரிடம் பெற்றதாயின், முதலில் அவரிடமே தாளைக் காட்டுங்கள். மேலிடத்தில் பேசுவதற்கு அவருக்கும் அது ஆதாரமாகும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி ஒருவர் எழுதும் புகாரைக் காட்டிலும், ஒரே பாதையில் உள்ள பத்துப் பேர் ஒரே தாளில் கையொப்பமிட்டு எழுதும் புகாருக்கு மதிப்பு அதிகம். இது கூட்டுறவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த அங்கத்தினர் வீட்டில், எந்த நாளில், எந்தப் பக்கம், எவ்விதம் கெட்டது என்று குறித்து வரலாம். நாலைந்து பதிவுகள் ஒன்றுபோல் இருந்தால், குற்றம் எங்கே என்பது தானே விளங்கும். படித்த இளைஞர் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்கினால், வயதானவர்களின் வீட்டுக்குச் சென்று நான்காவது பரிசோதனையைச் செய்து பார்க்க அவருக்குப் பத்து நிமிஷம் போதும்.

மஞ்சள் விற்ற பெரியவருக்கு நாலாயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை. வியாபாரி நியாயமாகவே பேசி வாங்கியவர், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கே சங்கத்தார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சந்தை நாட்களில் பலகையில் எழுதும் விலையை அங்கத்தினர்களின் செல்போன்களுக்கும் செய்தியாக அனுப்புகிறார்கள். பெரியவரும் இப்பொழுது விற்பதற்கு முன் இரண்டு பாதைகளில் விலை பார்க்கிறார்: வைஃபையில் ஒரு முறை, அதை நிறுத்திவிட்டு ஒரு முறை. இரண்டும் ஒத்திருந்தால்தான் தராசைக் கொண்டுவரச் சொல்கிறார். நம் அங்கத்தினர் அனைவரும் இவ்வழக்கத்தை மேற்கொள்ள வேண்டுகிறேன்.